பதினொரு டிகிரி சரிவில் ஒரு வானியல் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ‘அண்டம்’ பாடம் முடிந்ததும் மாணவர்கள் கேட்பது சென்னை பிர்லா கோளரங்கத்தை. அடுத்து, ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். இரண்டும் காங்கேயத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரமில்லை. ஆனால் நாம் ஆண்டுதோறும் சுற்றுலா போகும் உதகையிலேயே, முத்தோரையில், 1970 முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி இயங்குகிறது. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்று, தாவரவியல் பூங்காவுக்குரிய நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தேன்.

கொப்பரைக் களத்தில் வேலை செய்யும் ஒரு தாய் சுற்றுலாப் பணத்தைக் கொடுக்கும்போது, “போய்ட்டு வந்து என்னத்தப் பாத்தான்னு எழுதச் சொல்லுங்க சார்” என்றார். அதனால் பாடத்தைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கினேன். முன்தயாரிப்பு இல்லாமல் போனால் அங்கே தெரிவது மலைச்சரிவில் நீளமான ஒரு கம்பி வேலி மட்டும்தான்.

முதல் செயல்பாடு வீட்டில். இரவில் வடக்கு நோக்கி நின்று, கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைக்கச் சொன்னேன். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. அதற்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். அதன் உயரக் கோணம் நம் ஊரின் அட்சரேகைக்குச் சமம்; காங்கேயத்துக்கு 11 டிகிரி. வெளிச்சம் குறைந்த தோட்டத்துச் சாளைப் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைத்தது, நகர்ப் பிள்ளைகள் சிரமப்பட்டார்கள்.

இரண்டாவது, பள்ளி வளாகத்தில். ஒரு மீட்டர்ப் பலகையை வடக்கு தெற்காக வைத்து, வடமுனையை 19 செ.மீ. உயர்த்தினோம். சாய்வு 11 டிகிரி. இப்போது பலகை பூமியின் சுழல் அச்சுக்கு இணை. sin மதிப்பைக் கணித ஆசிரியர் அதே நாளில் எடுத்துக்கொண்டது நல்ல வசதி.

கோவிந்த் சுவரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்ததும் இதுதான், 530 மீட்டர் நீளத்தில். அட்சரேகை அளவுக்கே சரிந்த, வடக்கு தெற்காக ஓடும் இயற்கைச் சரிவைத் தேடிப் பிடித்தார்கள். தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டதால், ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும். ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் இத்தனை மென்மையான சரிவு போதுமானதாயிற்று. டெல்லியில் இதையே கட்ட 28 டிகிரிக்கும் மேல் செங்குத்தான மலை வேண்டும்!

“கண்ணாடியே இல்லாமல் கம்பி எப்படிப் பிரதிபலிக்கும்?” என்ற கேள்வி நிச்சயம் வரும். இங்கே வாங்கப்படும் அலையின் நீளம் சுமார் 92 செ.மீ. கம்பிகளின் இடைவெளி அதைவிட மிகச் சிறியதாக இருப்பதால், அலைக்கு அது முழுத்தகடு போலவே. கொசுவலைக்குள் காற்று வரும், கொசு வராது என்றேன். உவமை முழுப் பொருத்தமில்லை, ஆனால் பிடித்துக்கொண்டார்கள்.

இதைக் கட்டிய நோக்கத்தையும் சொல்லுங்கள். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடியைக் குறித்தால், நிலாவின் விளிம்பு அப்போது இருந்த இடத்தைக் கொண்டு அந்த மூலத்தின் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிடலாம். எங்கள் மாணவர்கள் இதை ஒரு மின்விளக்கு, ஒரு அட்டை வட்டம் கொண்டு நடித்துக் காட்டினார்கள்.

வளாகத்துக்குள் செல்பேசிகளை அணைத்துவிட வேண்டும். வானிலிருந்து வரும் சைகை அவ்வளவு மெல்லியது. திரும்பும் வழியில் பேருந்திலேயே குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுத வைத்தேன். அந்தத் தாயின் மகன் எழுதியிருந்தது: “மலை சாஞ்சிருக்கறது தப்பில்லைன்னு பாத்தேன், சார். எங்க தோட்டத்து மேட்டையும் அளக்கப் போறேன்.” ஓர் அளவுநாடாவும் கோணமானியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.