ஊதியக் குறைவும் அணியில் நிலைத்தலும்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையில் மாலைப்பொழுதில் உப்பளங்களைக் கடந்து நடப்போமாயின், ஏழாம் எண் பொறித்த மஞ்சட் சட்டையணிந்து பந்தாடும் சிறுவரைக் காண்கிறோம். அவ்வெண்ணுக்கு உரியவராகிய மகேந்திரசிங் தோனி, குறைந்த ஊதியத்திற்கு இசைந்து சென்னை அணியில் நிலைத்தவர். தொழில்முறை ஆட்டக்காரர்க்கு இது தகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதற்கண் கணக்கைக் காண்போம். 2018-இல் அவருக்கு வகுக்கப்பட்டது 15 கோடி ரூபாய். 2021 நவம்பரில் ஜடேஜாவுக்கு 16 கோடியாக, அணித்தலைவராகிய தோனிக்கு 12 கோடியே ஆயிற்று. 2024 அக்டோபரில் அது 4 கோடியாகச் சுருங்கியது. ஐந்தாண்டுகளாக நாட்டின் சார்பில் ஆடாதவரைப் புதியவரோடு ஒப்ப வைக்கலாம் என்னும் பழைய விதி அவ்வாண்டு மீண்டும் உயிர்பெற்றமையே காரணம். அப்பட்டியலிலேயே ருதுராஜ் கெய்க்வாட்டும் ஜடேஜாவும் 18 கோடி வீதம் பெற்றனர்.

விட்ட பணம் எங்கே சென்றது? வினாவின் உயிர்நிலை இதுவே. 2025-ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிக்கு வீரரைச் சேர்க்க ஒவ்வோர் அணிக்கும் வரம்பு 120 கோடி. சென்னை அணி நிறுத்திக்கொண்ட ஐவர்க்கு 65 கோடி போக, ஏலத்திற்கு 55 கோடி எஞ்சிற்று. தோனிக்கும் 18 கோடி என்றிருப்பின், எஞ்சுவது 41 கோடியே. வரம்புள்ளவிடத்து ஒருவர் விட்டது தோழர் பங்காகக் கூடும்; வரம்பில்லாவிடத்தோ முதலாளியின் பெட்டிக்கே போம்.

அமெரிக்கக் கூடைப்பந்திலும் இத்தகைய வரம்புண்டு. நியூயார்க்கு அணியின் ஜேலன் பிரன்சன், ஓராண்டு பொறுத்திருப்பின் ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 26.9 கோடி டாலர் பெறத்தக்கவராயிருந்தும், 2024-இல் நான்காண்டுக்கு 15.65 கோடிக்கு இசைந்தார். மறு ஆண்டே அவ்வணி, 2000-க்குப்பின் முதன்முறையாகக் கீழைப்பிரிவின் இறுதிச் சுற்றை எட்டியது. ஆயினும் இதனை விதியாகக் கொள்ளலாகாது. டாலஸ் அணியின் டர்க் நொவிட்ஸ்கி 2014-இல் மூன்றாண்டுக்கு 2.5 கோடி டாலரே கொண்டார். 2019-இல் அவர் ஓய்வு பெறும்வரை அவ்வணி முடிவுச்சுற்றுத் தொடர் ஒன்றையும் வென்றிலது. சென்னை அணியும் 2023-இல் கோப்பை கொண்டு, 2025-இல் கடைசி இடத்தில் நின்றதன்றோ!

விளம்பரங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டிய முதியவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பின், அதனை நாம் குறைகூறோம். முழங்கால் ஒருமுறை பிசகினால் வாழ்வே மாறிப்போகும் இளைஞனிடம் அதனையே கேட்டல் முறையன்று. வேறணி மிகுதி தந்தால் அவன் செல்லட்டும். அவனைத் துரோகி எனத் தூற்றுவார், தம் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் வாளா இருப்பரோ? வெயிலில் உப்பு வாரும் கூலியாளர் குறைந்த கூலிக்கு இசைவதைத் தியாகமென்று ஒருவரும் போற்றக் கேட்டிலேம்.

ஊதியத்தைக் குறைத்துக்கொண்டார் நிலைத்தே விடுவர் என்பதற்கும் உறுதியில்லை. பன்னிரு பருவங்கள் சென்னைக்கு ஆடிய ஜடேஜா, 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக ராஜஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். அப்பொழுது அவர் ஊதியம் 18 கோடியினின்று 14 கோடியாகக் குறைந்தது.