கனவும் மனக்கோட்டையும்

மாணவர்களே, 'நான் கண்ட கனவு', 'எனது எதிர்கால இலட்சியம்' ஆகிய இரண்டும் உங்களுக்குப் பழக்கமான கட்டுரைத் தலைப்புகள். ஒன்று உறங்கும்போது காண்பது. மற்றையது விழித்திருந்து காண்பது. இரண்டையும் 'கனவு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால், முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் முடிப்போரும் உளர்.

உறக்கக் கனவை முதலில் நோக்குவோம். 1953 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளெய்ற்மன் ஆகியோர், உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் கண்கள் விரைவாக அசைவதை அறிவித்தனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இக்கட்டத்திலேயே தோன்றுகின்றன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை இது மீண்டும் வரும். அவ்வேளையில் மூளையின் முன்பகுதியில், சரிபிழை பார்க்கும் பகுதிகள் சில தளர்ந்திருக்கும். அதனாற்றான் கனவில் யானை பறந்தாலும் நமக்கு வியப்பு ஏற்படுவதில்லை.

இங்கே இலக்கணத்தில் கற்ற இல்பொருள் உவமையை நினைவுகூருங்கள். 'பறக்கும் யானை போன்ற மேகம்' என்பதில் யானை உண்டு, பறத்தலும் உண்டு. இரண்டின் சேர்க்கைதான் உலகில் இல்லை. கனவும் இவ்வாறே தெரிந்த பொருள்களைத் தெரியாத முறையில் இணைக்கின்றது.

வாழ்க்கைக் கனவும் இணைப்பு இல்லாதபோதே பொய்க்கின்றது. வைத்தியர் என்ற தொழில் உண்டு, அதை விரும்பும் நீங்களும் உண்டு. இடையில் விஞ்ஞான பாடத்தைக் கற்கும் நேரம் இல்லையென்றால் அது மனக்கோட்டை. நன்கு கற்கும் ஒருவர் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தெரிவுசெய்துவிட்டு மருத்துவ பீடத்தை எதிர்பார்த்தால் அது மனக்கோட்டை அன்று; இலவு காத்த கிளியின் கதை. கிளியிடம் பொறுமை இருந்தது. காத்திருந்த காய்தான் பழுக்காமல் வெடித்துப் பஞ்சாகியது. மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியன வேண்டும் என்பதைச் சாதாரண தரப் பெறுபேறு வருமுன்னரே அறிந்திருப்பது நன்று. பெற்றோரின் விருப்பத்தையே தமது இலட்சியமாக எழுதுவோர் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

'கானல்நீர்' இவற்றிலிருந்து வேறுபட்டது. தொலைவில் உண்மைபோலத் தோன்றி, நெருங்கும்போது மறைவதையே அது குறிக்கும். இத்தொடர்களை ஒன்றுக்கொன்று பதிலாக எழுதினால் பொருள் பிழைபடும்.

எல்லாக் கனவும் பொய்க்கும் என்று எழுதிவிடவும் வேண்டாம். சிலப்பதிகாரத்துக் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தேவந்தியிடம் கூறும் கனவு, கோவலனுக்கு நேரவிருந்த தீங்கை முன்னரே காட்டுகின்றது. காப்பியத்தில் கனவு கதையை நகர்த்தும் உத்தி. அதை விஞ்ஞானச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

மேலும் ஒன்று: 'நான் கண்ட கனவு' என்ற கட்டுரையை, 'அம்மா தட்டி எழுப்பினார், அத்தனையும் கனவு' என்று முடிக்காதீர்கள். கனவென்பதைத் தலைப்பே சொல்லிவிட்டது! பல விடைத்தாள்களில் இதையே வாசித்த ஆசிரியருக்கு அவ்வரி அலுப்பையே தரும்.

பயிற்சி

1. மனக்கோட்டை, கானல்நீர், இலவு காத்த கிளி ஆகியவற்றின் பொருள் வேறுபாடு புலப்படுமாறு ஒவ்வொரு வாக்கியம் எழுதுக.

2. இல்பொருள் உவமைக்கு உமது சொந்த உதாரணம் ஒன்று தருக.

3. உமது இலட்சியத்தையும், அதற்காக இவ்வாரம் நீர் செய்த ஒரு செயலையும் இணைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதுக.