கேட்கப் போகிறவர்களுக்கு

ஹைதராபாத் பேகம்பேட் சிந்தி காலனியில் 1997இல் தொடங்கிய ‘ரோஷ்னி’யை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனம் நொந்தவர்கள் பேசுவார்கள், பயிற்சி பெற்ற தொண்டர்கள் கேட்பார்கள். அதுபோல நம் அபார்ட்மென்ட்களிலும் தனியாக இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கக் கிளம்பியிருக்கிறீர்கள். மனசு நிறைந்திருக்கிறது எனக்கு. இந்தப் பகுதியில் வெகுநாளாக வீடு வீடாகப் போய் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. போனதும் புத்தி சொல்லாதீர்கள். “வாக்கிங் போங்க, கோயிலுக்குப் போங்க, பேரன்கிட்ட வீடியோ கால் பேசுங்க” என்று ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் மறுபடி வந்திருக்க மாட்டார்கள்.

2. இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமோ என்று தயங்காதீர்கள். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாகத் துணிந்தவர்கள் தன்னிடம் வந்து பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் சேர்ந்தது. காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் டீ கொடுத்துப் பேச்சுக்கொடுத்தார்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலே தெளிந்து திரும்பினார்கள். அதைக் கவனித்தவர், அடுத்த ஆண்டே கேட்கும் பொறுப்பைத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு வளர்ந்தது இப்படித்தான்.

3. திரும்பப் போங்கள். நான் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. 2008இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஒன்பது விசாரிப்பு, அவ்வளவுதான்! சென்னையில் 1986இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அந்த ஆய்வில் இருந்தார். ஆகவே வியாழக்கிழமை வருகிறேன் என்றால் வியாழக்கிழமையே போங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். அந்த வீட்டில் காலையிலிருந்தே உங்களை எதிர்பார்த்திருப்பார்கள்.

4. வயதானவர்களை மட்டும் தேடாதீர்கள். உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025இல் சொன்னது. இளம்வயதினரிடம் அது இன்னும் அதிகமாம். எனக்கு வியப்பில்லை. ஹாஸ்டலில் தங்கி நைட் ஷிஃப்ட் போகும் பிள்ளைக்கு, அவன் விழித்திருக்கும் நேரத்தில் பேச யார் இருக்கிறார்கள்?

5. பக்கத்து வீட்டில் தெலுங்கு, கடையில் ஹைதராபாத் இந்தி என்று நாற்பது வருஷம் சரளமாகப் பேசியவர்களும் துக்கத்தைச் சொல்லத் தாய்மொழியைத் தேடுவார்கள். அந்த மொழி தெரிந்தவரை உடன் அழைத்துப் போங்கள்.

6. அவர்கள் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். காபி, ஊறுகாய், ஒரு பாட்டு, வருமான வரிக் கணக்கில் யோசனை, எதுவானாலும். நம்மால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற நினைப்புதான் அவர்களை அதிகம் வதைக்கிறது.

7. “செத்தால் தேவலை” என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறது என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416; இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அங்கிருந்தே கூப்பிடுங்கள், வீட்டாருக்கும் சொல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும் ரகசியம் காக்கக் கூடாது.

8. அவர்கள் உங்களிடம் சொன்ன மற்ற எதையும் லிஃப்டில்கூடப் பேசாதீர்கள்.

9. முதல் சில மாதங்கள் இருவராகப் போங்கள். வாட்ச்மேனிடம் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். அவரையும் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து கேட்டருகே உட்கார்ந்திருப்பவர் அவர்.