தோளைக் கெடுக்காத துடுப்பு... குறைந்த விலையிலேயே வாங்கலாம்!

கயாக் வாங்குவதென்றால் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கிறது. எத்தனை பேர் உட்காரலாம், கார் டிக்கியில் அடங்குமா, காற்றடைத்தது நல்லதா, பிளாஸ்டிக்கில் செய்தது நல்லதா என்று ஆளுக்கொரு கட்சி. துடுப்பு என்று வரும்போது மட்டும், 'கூடவே ஒண்ணு குடுப்பாங்கல்ல, அது போதும்' என்று முடித்துவிடுகிறோம். படகின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். துடுப்பின் பாரத்தைத் தாங்கப்போவது உங்கள் தோள்பட்டை அல்லவா?

'சித்த வைத்தியருக்குத் துடுப்பில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முட்டுக்காடு, கோவளம் பக்கத்து உப்பங்கழி, ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு, கேரளத்தில் ஆலப்புழைக் காயல் என்று கயாக் ஓட்டும் இடங்கள் பெருகிவிட்டன. காற்றடைக்கும் கயாக்கைச் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. மிக நல்ல விஷயம். நாள் பூராவும் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு முதுகு, தோள், வயிறு மூன்றுக்கும் சேர்த்து இப்படி ஒரு வேலை கிடைப்பது அபூர்வம். ஆனால் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, 'டாக்டர், தோள்ல வாதம் வந்துடுச்சு' என்று வருகிறவர்களையும் நான் பார்க்கிறேன். அவர்களில் சிலருக்கு வாதம் கையில் இல்லை. கையில் பிடித்த துடுப்பில் இருக்கிறது!

வங்கியில் பணிபுரியும் ஓர் அம்மா. வயது 47. சர்க்கரை உண்டு. வலது தோளில் வலி, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. சித்த நூல்கள் கும்பவாதம் என்றும், இங்கிலீஷ் வைத்தியம் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்றும் சொல்லும் தோள் இறுக்கம், சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும். அவரது அக்காவும் அதில் ஒரு வருஷம் அவதிப்பட்டவர். அதனால் பயந்துபோய், 'கயாக்கை வித்துடலாம்னு இருக்கோம்' என்றார். கூட வந்த மகளுக்கு முகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அதுதானாம்.

கையைத் தூக்கிப் பார்த்தேன். வலித்தாலும் எல்லாத் திசையிலும் முழுக்கப் போனது. கும்பவாதமாக இருந்தால் அவராகவும் தூக்க முடியாது, நான் தூக்கினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் போகாது. 'அடுத்த முறை வரும்போது துடுப்பை எடுத்துட்டு வாங்கம்மா' என்றேன். வந்தது. 250 சென்டிமீட்டர் நீளம், அலுமினியத் தண்டு, 1 கிலோ 300 கிராம் எடை. அந்த அம்மாவின் உயரம் 5 அடி 1 அங்குலம். 'நீளமா இருந்தா வேகமாப் போகும்' என்று வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்ததாம்! இரண்டு வாரம் ஓய்வு, இளஞ்சூட்டில் தைலம், பிறகு 230 சென்டிமீட்டரில் எடை குறைந்த வேறொரு துடுப்பு. கயாக்கை விற்கவில்லை.

நீளம்: படகை அளந்த பிறகுதான் ஆளை அளக்க வேண்டும்

கயாக் என்பதே வட துருவத்து இனுயிட் மக்களின் படகு. சட்டத்தின் மீது கடல்நாய்த் தோலைப் போர்த்தி வேட்டைக்குப் போவார்கள். துடுப்புக்கு அவர்களிடம் இஞ்ச் டேப் ஏது? கிரீன்லாந்தில் இரண்டு கையையும் விரித்த அகலம், அதோடு ஒரு முழம். துடுப்பின் நீளம் அவ்வளவுதான். அலகின் அகலமோ அவரவர் கைப்பிடிக்குள் அடங்கும் அளவு. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். நம் வைத்தியத்திலும் வர்ம இடங்களை நோயாளியின் விரற்கடையால்தானே அளக்கிறோம்? மணிக்கடை நூல் பார்ப்பதும் அவரவர் விரலை வைத்துத்தான். உடம்புக்கான கருவிக்கு உடம்பே அளவுகோல்.

ஆனால் கிரீன்லாந்து கயாக் ஒடுக்கமானது. நாம் பொழுதுபோக்குக்கு ஓட்டுவது அகலமானது. எனவே முதலில் படகின் அகலத்தைப் பாருங்கள். காற்றடைக்கும் கயாக் என்றால் முழுக்கக் காற்றடித்த பிறகு, தையல் டேப்பால் நடுவில் அளக்க வேண்டும்.

5½ அடி உயரமுள்ளவருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அகலம் 60 செ.மீ.க்குள் இருந்தால் 210 முதல் 220 செ.மீ. வரையுள்ள துடுப்பு. 60 முதல் 70 வரை என்றால் 220 அல்லது 230. 70 முதல் 80 வரை என்றால் 230 அல்லது 240. அதற்கும் மேலே போனால் 240 அல்லது 250. 5 அடி உயரக்காரர் இரண்டு எண்களில் சின்னதை எடுத்துக்கொள்ளட்டும், 6 அடிக்காரர் பெரியதை எடுத்துக்கொள்ளட்டும்.

துடுப்பு குட்டையாக இருந்தால் தண்ணீரைத் தொட ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் சாய வேண்டியிருக்கும். இடுப்பு பிடித்துக்கொள்ளும், விரல் முட்டிகள் படகில் உரசித் தோல் வழன்றுவிடும். அதிக நீளமானால் அலகு படகை விட்டு எட்டத்தில் விழும். படகு நேரே போகாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும், அதைத் திருப்பித் திருப்பியே தோள் ஓய்ந்துவிடும்.

கணவன், மனைவி, பிள்ளை மூவரும் மாற்றி மாற்றி ஓட்டப்போகிறீர்களா? நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள துடுப்பு கிடைக்கிறது. சற்று விலை கூடுதல்தான். ஆளுக்கொன்று வாங்குவதைவிட லாபம்.

எடையும் பணமும்

சும்மா பொழுதுபோக்காக ஓட்டும்போதே நிமிஷத்துக்கு 30 வீச்சு சாதாரணமாகப் போடலாம். ஒரு மணி நேரத்துக்கு 1,800. துடுப்பில் 300 கிராம் அதிகம் என்றால், 1,800 தடவை அந்த 300 கிராமை நீங்கள் தூக்குகிறீர்கள். கூட்டிப் பாருங்கள், 540 கிலோ! 25 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய 22. ஒரேயடியாகத் தூக்கவில்லை, உண்மைதான். ஆனால் தோள்பட்டையின் தசைநாண்கள் இந்தச் சில்லறையையும் விடாமல் கணக்கு வைக்கும்.

அலுமினியத் தண்டில் பிளாஸ்டிக் அலகு பொருத்தியதுதான் மலிவு. 1 கிலோவிலிருந்து 1¼ கிலோ வரை இருக்கும். மே மாத வெயிலில் வெற்று அலுமினியத்தைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோசைக்கல்தான்! கைபிடிக்கும் இடத்தில் உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது ஃபைபர் கிளாஸ் தண்டு, நைலான் அலகு. இது 900 கிராம் சுமாருக்கு வரும். கார்பன் ஃபைபர் 700 கிராமுக்குக்கூட வரும், ஆனால் அலுமினியத்தைப் போலப் பல மடங்கு விலை. மாதம் ஒரு தடவை மிதக்கிறவர்களுக்கு அது வேண்டாத ஆடம்பரம் என்பது என் அபிப்பிராயம்.

வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் என்றால் அலுமினியமே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல லைஃப் ஜாக்கெட்டில் போடுங்கள். துடுப்பில் சிக்கனம் பார்க்கலாம், லைஃப் ஜாக்கெட்டில் கூடவே கூடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். வாரா வாரம் போகிறவர்கள், 40 வயதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே கழுத்து, தோள் வலி உள்ளவர்கள் ஃபைபர் கிளாஸ் தண்டுக்குப் போவது நல்லது.

மொத்த எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒட்டடைக் கம்பை நடுவில் பிடித்துப் பாருங்கள், பிறகு நுனியில் பிடித்துப் பாருங்கள். எடை ஒன்றுதான், மணிக்கட்டுக்குத் தெரிவது வேறு. அதுபோல, எடை அலகுப் பக்கம் அதிகமாக இருந்தால் துடுப்பு சீக்கிரம் அலுப்புத் தட்டும். 'பெரிய அலகுதான் நல்லா தள்ளும்' என்று கடைக்காரர் சொல்வார். தள்ளும்தான், ஒவ்வொரு இழுப்பிலும் உங்கள் தோளையும் சேர்த்து! உல்லாசமாக ஓட்டுவதற்கு நீண்டு ஒடுங்கிய அலகே சுகம்.

கடையில் வெட்கப்படாமல் செய்ய வேண்டியவை

இரண்டு துண்டையும் பூட்டச் சொல்லுங்கள். இரு முனையையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நடு இணைப்பு 'கடக் கடக்' என்று ஆடினால் வாங்க வேண்டாம், நாளாக ஆகத் தளர்ந்துகொண்டே போகும். அலகின் நுனியைத் தரையில் ஊன்றி லேசாக அழுத்துங்கள். தோசைக் கரண்டி மாதிரி வளைந்தால் பாதி பலம் வீண். ஓரங்களில் விரலை ஓட்டி, பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தண்டைச் சுற்றி ஒன்றையொன்று தொடுகிறதா? தொடாவிட்டால் உங்களையறியாமல் இறுக்கிப் பிடிப்பீர்கள், முழங்கை வலி வரும். சிறிய கைகளுக்கென்று மெல்லிய தண்டும் வருகிறது, கேட்டு வாங்குங்கள். கடைசியாக, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் வெறும் காற்றில் துடுப்புப் போட்டுப் பாருங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இணைப்பில் மூன்று நான்கு துளைகள் இருக்கும். இரண்டு அலகையும் ஒன்றுக்கொன்று கோணலாக வைத்துப் பூட்டுவதற்கான ஏற்பாடு அது. எதிர்காற்றில் மேலே இருக்கும் அலகு காற்றைக் கிழித்துப் போகும் என்பது லாபம். அதற்கு விலை, ஒவ்வொரு வீச்சுக்கும் மணிக்கட்டை முறுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு அலகும் ஒரே தளத்தில் இருக்கும்படி பூட்டினால் போதும்.

பிடிக்கும் முறை

துடுப்பைத் தலை மேல் கிடையாக வையுங்கள். முழங்கைகள் 'ட' எழுத்து மாதிரி செங்கோணத்தில் மடங்கும் இடம்தான் உங்கள் கைப்பிடி. அலகில் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். அலகின் ஒரு விளிம்பு நீளமாக இருந்தால் அது மேலே. எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் துடுப்பும் தலைகீழ்! மேலே வரும் கை தோள் மட்டத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். கையால் இழுக்காமல், தயிர் கடைவது போல இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி ஓட்டுங்கள். முதல் நாள் 20 நிமிஷம் போதும். ஏரி, அணை என்று தண்ணீரைக் கண்ட இடத்திலெல்லாம் இறங்கிவிடாமல், அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்ததும் நீர்மோரோ இளநீரோ குடியுங்கள். அன்று மாலை தோள் கனத்தால் உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாக்கி மெதுவாகத் தடவி, அரை மணி கழித்து வெந்நீரில் குளிக்கலாம். முறுக்கி, நெட்டி எடுக்கும் வேலை வேண்டாம். கையை மேலே தூக்கவே முடியவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு இடது தோளில் வலி என்றால் தைலத்தைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது துடுப்பு வலியல்ல.

உப்புத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் அன்றைக்கே இரண்டு துண்டையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். பூட்டியபடியே போட்டால் அலுமினியம் பூத்து இணைப்பு ஒட்டிக்கொள்ளும், பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் வராது. 'எண்ணெய் போட்டு வைக்கலாமா?' என்று கேட்கிறார்கள். வேண்டாம், மணல் ஒட்டும். நிழலில் உலர்த்தி, பரணில் படுக்கப் போடுங்கள். மொட்டை மாடியில் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் அலகு வெளிறி, இரண்டு கோடைக்குள் நொறுங்க ஆரம்பித்துவிடும்.