மையார்: ஒரே இனம், வேறு வேறு வழி



‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்கள் (2001–2003) பார்த்தவங்களுக்கு ஒரு கேள்வி. வெள்ளைத் தாடி மந்திரவாதி கேண்டால்ஃப், மோதிரம் செய்த கொடியவன் சாரோன், சுரங்கத்தில் நெருப்புச் சாட்டையோடு வரும் பால்ராக் – இந்த மூவருக்கும் என்ன உறவு?

மூவரும் ஒரே இனம்! அந்த இனத்தின் பெயர் மையார்.

மையார் யார்?

இது பழங்காலப் புராணம் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் (1892–1973) கற்பனையில் படைத்த ஆவி இனம். அவர் மறைந்த பிறகு மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-இல் வெளியிட்ட ‘சில்மரில்லியன்’ நூலில் இவர்களைப் பற்றிய செய்திகள் உள்ளன. நான் படித்ததில் முக்கியமானவை:

1. உலகம் உண்டாகும் முன்பே இருந்தவர்கள். எல்லோரும் சேர்ந்து பாடிய இசையின்படிதான் உலகமே அமைந்ததாம்!

2. இவர்களுக்கு மேலே வாலார் என்ற 14 பெரிய ஆவிகள். மையார் அவர்களுக்குத் துணை. மையார் மொத்தம் எத்தனை பேர் என்று கணக்கு இல்லை.

3. உடம்பு இவர்களுக்குச் சட்டை மாதிரி. வேணும்னா போட்டுக்கலாம், வேண்டாம்னா கழட்டி வெச்சிடலாம்.

4. கெட்டவராகப் பிறந்தவர் ஒருவரும் இல்லை. மெல்கோர் என்ற தீயவன் பக்கம் போனவர்கள்தான் கெட்டார்கள். பால்ராக்குகள் அப்படிப் போனவைதான்.

சாரோன் எப்படிக் கெட்டான்?

சாரோன் முதலில் ஔலே என்ற கைவினைத் தலைவரிடம் வேலை கற்றவன். கெட்டிக்காரன். எல்லாம் ஒழுங்காக, வேகமாக, வீணில்லாமல் நடக்கணும் என்பதுதான் அவன் ஆசை. நல்ல ஆசைதானே? ஆனால் யாரும் மறுபேச்சு பேசாமல் இருந்தால்தான் அது சீக்கிரம் நடக்கும் என்று நினைத்தான். அங்கேதான் வழுக்கினான்.

கேண்டால்ஃப் என்ன செய்தார்?

சாரோனை எதிர்க்க ஐந்து மையார் கிழவர் வேடத்தில் அனுப்பப்பட்டனர். பசி, களைப்பு, பயம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. ஒரு கட்டளையும் இருந்தது: பலத்தைக் காட்டி யாரையும் அடக்கக் கூடாது, மனதைத் தேற்றி, துணிவு தந்து உதவ வேண்டும். கேண்டால்ஃப், “நான் பலம் குறைந்தவன், சாரோனைக் கண்டால் பயம்” என்ற பொருளில் மறுத்தார். அதனாலேயே நீ போகணும் என்று தலைவர் மான்வே அனுப்பிவிட்டார்! பின்னாளில் ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டியபோதும் அவர் வாங்கவில்லை. நல்லது செய்யும் ஆசையிலேயே தானும் சாரோன் போல ஆகிவிடலாம் என்று அஞ்சினார். அதே ஔலேயிடம் கற்ற சாருமானும் அந்த ஐவரில் ஒருவர்தான். மோதிரத்துக்கு ஆசைப்பட்டுக் கெட்டார்.

நான் இந்த வருஷம் எங்க கிளாஸ் லீடர். பேசுறவங்க பேரைப் போர்டில் எழுதும் சாக்பீஸ் என் கையில். எழுதினால் உடனே அமைதி. ஆனால் சார் வந்து போர்டை அழித்ததும் மறுபடி சத்தம். பக்கத்தில் போய் “கணக்கு புரியலையா, சேர்ந்து போடலாமா?” என்று கேட்டால் நேரம் ஆகுது; ஆனா அந்த அமைதி கொஞ்சம் நிக்குது. பயத்தில் வரும் அமைதி வேறு, மனசால் வரும் அமைதி வேறு என்று மையார் கதை எனக்குச் சொன்னது.

சிந்திக்க: உங்க கையில் உள்ள ‘மோதிரம்’ எது?

– வகுப்புத் தலைவி, 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு