சேமித்த விதையில் விளைந்த பூசணி எந்த இனம்?

லயத்துப் புழக்கடையில் குப்பைமேட்டின் அருகே தானே முளைத்துப் படரும் பூசணிக்கொடியை அறியாதார் நம்மில் இலர். சமைத்த காயின் விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்து, மழை தொடங்கியதும் ஊன்றுவது நம் வீட்டுப் பெண்டிர் வழிவழியாகச் செய்துவரும் வேலை. எனினும், சென்ற ஆண்டு உருண்டையாய் வரிவரியாய்க் காய்த்து இனித்த பூசணியின் விதையிலிருந்து, இவ்வாண்டு நீண்ட கழுத்தும் சப்பென்ற சுவையும் உடைய ஒரு காய் வந்து நிற்கும். மண் மாறிவிட்டது என்பார் ஒருவர். பக்கத்தில் பாகற்கொடி படர்ந்ததே காரணம் என்பார் மற்றொருவர். இரண்டும் சரியல்ல.

பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கின்றன. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு ஒன்று இருக்கும். ஆண்பூ பிஞ்சின்றி, மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். விடியலில் மலர்ந்து நண்பகலுக்கு முன்னரே வாடிவிடும் இப்பூக்களின் மகரந்தத்தைச் சுமந்து திரிவது தேனீ. அதற்கு நம் வேலியும் தெரியாது, அண்டை வீட்டார் வேலியும் தெரியாது. இங்கு நாம் நன்கு மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. காயின் தோல், சதை, சுவை யாவும் தாய்க்கொடிக்கே உரியவை. வேற்று மகரந்தம் விழுந்ததால் அவை மாறா. உள்ளிருக்கும் விதையின் கருவோ தாய், தந்தை இரண்டின் குணத்தையும் ஏற்றது. ஆகவே கலப்பு நிகழ்ந்த ஆண்டில் காயைப் பார்த்து அதனைக் கண்டுகொள்ள இயலாது. அவ்விதையை ஊன்றி, அக்கொடி காய்த்த பின்னரே அது வெளிப்படும்.

பாகல், பீர்க்கு, வெள்ளரி, மலாய்க்காரர் குண்டூர் என்னும் நீர்ப்பூசணி ஆகியவை பூசணியின் சுற்றத்தாரே ஆயினும், அதனுடன் கலப்பதில்லை. பாகற்கொடி மீது சுமத்தப்படும் பழி வீண்பழி.

இனி, விளைந்தது எவ்வினம் என்று அறியும் வழியைக் காண்போம். நிறத்தையும் வடிவத்தையும் நம்பினால் ஏமாறுவோம். ஒரே இனத்திலேயே உருண்டை, தட்டை, நெடுங்கழுத்து எல்லாம் உண்டு. முதலிற் பார்க்க வேண்டியது காம்பு. நம் சந்தைகளில் லாபு மானிஸ் எனப்படும் பூசணி, குக்கர்பிட்டா மொஸ்காட்டா என்னும் இனம். அதன் காம்பு கடினமாய், ஐந்து கோணங்களுடன், காயைத் தொடும் இடத்தில் பாதம்போல் விரிந்திருக்கும். இலையில் மென்மயிரும், நரம்புகள் கூடுமிடங்களிற் பெரும்பாலும் வெண்திட்டுகளும் காணப்படும். விதையின் விளிம்பு நடுப்பகுதியைவிடக் கருத்து, சற்றுச் சொரசொரப்பாய் இருக்கும். பேரங்காடிகளில் கிடைக்கும் கரும்பச்சைத் தோலுடைய கபோச்சா, பெரும்பாலும் மேக்ஸிமா இனம். அதன் காம்பு உருண்டு திரண்டு தக்கைபோல் இருக்கும். இலை ஏறக்குறைய வட்டமானது. மூன்றாவதான பெப்போ இனத்தில் கேமரன் மலையில் விளையும் சுக்கினியும், அழகுக்காக வைக்கும் சிறு பூசணிகளிற் பலவும் அடங்கும். அதன் காம்பு கூரிய ஐந்து விளிம்புகளுடன் இருக்கும், காயருகே அவ்வளவாக விரியாது. இலை ஆழப் பிளந்து, தொட்டால் கையைக் குத்தும்.

இம்மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1492இல் அங்கு சென்ற பின்னரே ஆசியாவுக்கு வந்தன. பரங்கியர் வழி வந்ததால் தமிழகத்தில் பரங்கிக்காய் என்ற பெயரும் நிலைத்தது.

ஒரே இனத்துக்குள் கலப்பு எளிதில் நிகழும். இனம் விட்டு இனம் கலப்பது அரிது. லாபு மானிஸ் கொடிக்கு அருகே பட்டர்நட் பூசணியை வளர்த்தால் இரண்டும் கலந்துவிடும், ஏனெனில் அதுவும் மொஸ்காட்டாவே. கடையில் வாங்கிய பொட்டலத்தில் எஃப்1 என்று அச்சிட்டிருந்தால் அது கலப்பின விதை. தேனீ குறுக்கிடாவிடினும் அதன் அடுத்த தலைமுறை பலவாறாகப் பிரியும்.

வடிவம் மாறுவதால் நமக்குப் பெரிய இழப்பில்லை. கசப்பு வந்தாலோ அது ஆபத்து. காட்டினப் பூசணிகளிலும் சில அழகுப் பூசணிகளிலும் குக்கர்பிட்டசின் என்னும் கசப்பு நஞ்சு உண்டு. அவற்றோடு கலந்த விதையிலிருந்து வரும் காயிலும் அது தோன்றலாம். வேகவைத்தாலும் அது அழியாது. ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 2015இல், அண்டை வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினியை அதன் கசப்பைப் பொருட்படுத்தாது உண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே சேமித்த விதையில் வந்த காயை அறுத்ததும், பச்சையாகவே சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து உமிழ்ந்துவிட வேண்டும். கசந்தால், காய் வீணாகிறதே என்று புளியும் சர்க்கரையும் சேர்த்துக் குழம்பு வைத்தல் கூடாது. காயை எறிந்துவிடுக, விதையையும் வைத்துக்கொள்ளற்க. உண்டபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இனம் மாறாமல் காக்கவும் வழி உண்டு. மறுநாள் மலரவிருக்கும் மொட்டின் நுனி மாலையிலேயே மஞ்சளாகத் தெரியும். அத்தகைய பெண்மொட்டு ஒன்றையும், அதே இரகத்து ஆண்மொட்டு இரண்டையும் நுனியில் நூலால் கட்டிவிடுக. விடிந்ததும் ஆண்பூவைக் கொய்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவி, பெண்பூவை மீண்டும் கட்டுக. பிரட்டுக்குப் புறப்படுமுன் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைதான். முடியாதவர்கள் வீட்டிலிருக்கும் முதியோரிடம் சொல்லி வைக்கலாம். பின்னர் அப்பிஞ்சின் காம்பில் சிவப்பு நூலொன்றைத் தளர்வாகக் கட்டுக. இன்றேல் அடையாளம் தெரியாமல் அக்காயே முதலில் குழம்புச் சட்டிக்குப் போய்விடும்!

நகம் இறங்காதபடி தோல் கடினமாகி, காம்பும் காய்ந்த பின்னரே அதனைப் பறிக்க வேண்டும். பறித்து மூன்று வாரம் நிழலில் வைத்திருந்தால் உள்ளிருக்கும் விதை மேலும் முற்றும். பிறகு விதையைக் கழுவி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துக. நம் நாட்டு ஈரக்காற்றில் இது எளிதன்று; விதையை வளைத்துப் பார்த்தால் வளையாமல் ஒடிய வேண்டும். ஒடிந்தால் மூடி இறுக்கமான புட்டியில் இட்டு, இரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டி வைக்கலாம்.