சென்று மீண்ட இரு திருமேனிகள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் கோயில் வாயிலைக் கடந்து வீதிக்கு எழுந்தருள்வதும், நாற்றிசையும் வலம் வந்து மீண்டும் தம் ஆஸ்தானம் சேர்வதுமே உத்ஸவம் என்பது யாவரும் அறிந்ததே. குன்றத்தூரில் திருவூரகப் பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது, பெருமாள் திரும்பி வருவாரோ என்னும் ஐயம் எவர் உள்ளத்திலும் எழுவதில்லை. தீபாராதனை கண்டு, தீர்த்தம் பெற்று, பிரஸாதத்துடன் இல்லம் திரும்புகின்றனர்.

ஆயினும், சென்றவர் மீள்வாரோ என்று அடியார்கள் கண்ணீர் பெருக்கி நின்ற புறப்பாடுகளும் தமிழ்நாட்டு வரலாற்றில் உண்டு. அவற்றுள் இரண்டு தலையாயவை. முதலாவது, 1323ஆம் ஆண்டில் திருவரங்கத்தினின்று நம்பெருமாள் வெளியேறியது. இரண்டாவது, 1688ஆம் ஆண்டில் காஞ்சியினின்று பேரருளாளன் வெளியேறியது. முன்னவர் 1371இலும், பின்னவர் 1710இலும் தத்தம் திருக்கோயில்களுக்கு மீண்டனர். இவ்விரு மீட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இவற்றுக்கு இடைப்பட்ட மூன்றரை நூற்றாண்டுகளில் உலகம் ஒரு யுகத்தினின்று மற்றொரு யுகத்துக்குக் கடந்து சென்றது என்பதே அது.

யுகம் மாறுவதை அறிவது எங்ஙனம்?

வரலாற்று ஆசிரியர்கள் இடைக்காலம் என்றும், நவீன காலத்தின் தொடக்கம் என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவர். மேல்நாட்டார் இவ்வெல்லையைச் சில நிகழ்ச்சிகளால் குறிப்பதுண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சுக்கலை தோன்றியது. 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் நகரம் துருக்கியர் வசமாயிற்று. 1492இல் கொலம்பஸ் மேற்குக் கடலைக் கடந்தார். 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார்.

இவை உண்மையே. ஆயினும் ஒரு நாட்டின் யுகமாற்றத்தை அந்நாட்டு வாழ்க்கையிலிருந்தே அறிதல் முறையாகும். சோழர் நாளில் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் நாடு என்று வழங்கிய இவ்வூர்ப் பகுதியில் வாழ்ந்த மக்களுக்கு மைன்ஸ் நகரைப் பற்றி என்ன தெரியும்? அவர்கள் அறிந்தது தம் ஏரி, தம் வயல், தம் கோயில் ஆகியவையே. கோயிலைக் காப்பவர் யார், உண்மையை நிலைநாட்டும் சான்று எது என்னும் இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை மாறியபோது, அவர்களுக்கும் யுகம் மாறியது.

முதற் பிரிவு

1323இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, மூலவர் திருமுன் கற்சுவர் எழுப்பப்பட்டது. உத்ஸவ மூர்த்தியை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசார்யர் தென்திசை சென்றார். முதுமையும் வழிநடையும் வருத்த, மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடி என்னும் இடத்தில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். தாம் காத்த பெருமாள் மீண்டதை அவர் காணவில்லை.

அதே வேளையில் மற்றொரு செல்வமும் அழிவின் விளிம்பில் நின்றது. காஞ்சியில் நடாதூர் அம்மாள் ஸ்ரீபாஷ்யத்துக்கு உரைத்த பொருளைக் கேட்டுணர்ந்து, ஸுதர்சன ஸூரி எழுதிவைத்த ச்ருதப்ரகாசிகை என்னும் வியாக்கியானமே அது. அச்சுவடியையும் தம் இரு புதல்வரையும் ஸூரி, ஸ்வாமி தேசிகனிடம் ஒப்படைத்தார் என்றும், தேசிகன் மாண்டோர் உடல்களுக்கிடையே மறைந்துகிடந்து அவற்றைக் காத்துக் கன்னட தேசத்து ஸத்யாகாலம் சேர்ந்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். பனையோலையில் எழுதப்பட்ட ஒரு நூல் ஒரு மனிதரின் மூச்சை நம்பி உயிர்த்திருந்த காலம் அது.

நம்பெருமாள் மதுரை, மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல தலங்களில் தங்கினார். பின்னர் விஜயநகரத்துப் புக்கராயரின் குமாரர் கம்பண உடையார் தெற்கே படையெடுத்து வந்து, முதலில் தொண்டை மண்டலத்துச் சம்புவராயரையும் அதன்பின் மதுரைச் சுல்தானையும் வென்றார். அவருடைய தண்டநாயகர் கோபணாரியர் பெருமாளைத் திருமலையிலிருந்து செஞ்சிக்கு எழுந்தருளுவித்து, 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்தார். சகம் 1293 என்னும் ஆண்டுக் குறிப்போடு வடமொழிச் சுலோகங்கள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டன. அவற்றை ஸ்வாமி தேசிகன் அருளியவை என்பது ஸம்பிரதாயம்.

இங்கு ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. பெருமாள் இல்லாத நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கிடையே கோயிலில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. ஆகவே, பண்டைய பெருமாள் எவர் என்னும் கேள்வி பிறந்தது. முன்பு கண்டவர்கள் ஏறக்குறைய அனைவரும் மறைந்துவிட்டனர். அப்போது, முன்னாளில் பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துக் கைங்கரியம் செய்த ஈரங்கொல்லி ஒருவர், கண்பார்வை இழந்த முதியவராக உயிரோடிருந்தார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த ஆடையின் தீர்த்தத்தை அவரிடம் தர, அதன் மணத்தைக் கொண்டே அவர் இவரே நம்பெருமாள் என்று கூறினார் எனக் கோயிலொழுகு உரைக்கும். அன்றுதொட்டு அத்திருநாமமே நிலைத்தது என்பர். காத்தவன் அரசன், மீட்டது அவன் படை. உண்மையை நிலைநாட்டியதோ ஒரு முதியவரின் நினைவு. இடைக்காலத்தின் இயல்பு முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கும்.

இடைப்பட்ட மாற்றங்கள்

விஜயநகர மன்னர்கள் இருநூறு ஆண்டுகள் கோயில்களுக்கு அரணாக நின்றனர். கிருஷ்ணதேவராயர் 1514இல் காஞ்சி வரதர் கோயில் புண்யகோடி விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். அச்சுததேவராயர் அக்கோயிலில் முத்துக்களால் துலாபாரம் தந்தார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் அப்பேரரசு முறிந்தபின்பும், தலைநகரைப் பெனுகொண்டை, சந்திரகிரி, வேலூர் என மாற்றிக்கொண்டு அரசமரபு தொடர்ந்தது. வேங்கடபதி தேவராயர் நாளில் எட்டூர்க் குமார தாதாசாரியர் காஞ்சிக் கோயிலை நிர்வகித்தார். காஞ்சிக்கு அருகில் ஐயங்கார்குளம் என்று வழங்கும் பெரிய குளம் அவர் வெட்டுவித்ததே.

ஆனால் கடற்கரையில் வேறொரு வாழ்க்கை முளைத்துக்கொண்டிருந்தது. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மயிலைக்கருகில் சாந்தோமில் குடியேறினர். 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் ஒரு சிறுநூல் அச்சேறியது. 1639இல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் கோட்டை கட்ட உரிமை பெற்றனர். அதனைத் தந்தவர் விஜயநகரத்துக்கு உட்பட்ட தாமல் வேங்கடப்ப நாயக்கர். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் அமர்ந்திருந்து ஆண்ட ஊர், குன்றத்தூருக்கு வடக்கே மிக அண்மையிலுள்ள பூவிருந்தவல்லி. அவர்தம் தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரால் எழுந்ததே சென்னப்பட்டினம் என்பர். உலகை மாற்றிய அவ்வுடன்படிக்கை இவ்வட்டாரத்து வயல்வரப்புக்கு அப்பாலேயே நிகழ்ந்தது. உழுதுகொண்டிருந்த எவரும் அதனை யுகமாற்றம் என்று அறிந்திருக்கமாட்டார்.

சில ஆண்டுகளில் கோல்கொண்டாப் படை இப்பகுதியைக் கைப்பற்றியது. 1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவையே வென்றார். மராத்தியர் செஞ்சியில் இருந்தனர்; மொகலாயர் அதனை நோக்கி வந்தனர். தொண்டை மண்டலம் இரு படைகளின் வழித்தடமாயிற்று.

இரண்டாம் பிரிவு

1688இல் காஞ்சியின் கோயிற் பரிஜனங்கள் அஞ்சியதில் வியப்பில்லை. பேரருளாளனின் திருமேனியை, இறந்தோரைச் சுமந்து செல்வதுபோல் மறைத்து ஊரைவிட்டு எடுத்துச் சென்றனர் என்று கூறுவர். உத்ஸவத்தில் குடையும் கொடியும் சூழ எழுந்தருளிய பெருமாளைப் பாடைபோல் சுமந்தவர்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! தெற்கே உடையார்பாளையத்துக் காட்டுப் பகுதியில் அத்திருமேனி அடைக்கலம் பெற்றது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. நாட்டில் ஓரளவு அமைதி பிறந்தது. எனினும், கம்பண உடையாரைப் போல் கோயிலை மீட்க வரும் அரசர் எவருமில்லை. விஜயநகரம் மறைந்துவிட்டது. ஆர்க்காட்டில் மொகலாயரின் சார்பில் சாதத்துல்லா கான் அதிகாரம் செலுத்தினார். அவரிடம் உயர்பதவி வகித்தவர் லாலா தோடர்மல். வடநாட்டவர், பெருமாளிடம் பக்தி பூண்டவர். ஆத்தான் திருவேங்கட ராமாநுஜ ஜீயர் அவரை அணுகி வேண்டினார். உடையார்பாளையத்துத் தலைவர் திருமேனியை எளிதில் விட்டுத்தர இசையவில்லை என்பர். தோடர்மல் தம் செல்வாக்கையும் படைபலத்தையும் துணைக்கொண்டு பெருமாளைப் பெற்று, 1710இல் காஞ்சியில் சேர்ப்பித்தார். சகம் 1632 என்னும் ஆண்டும், ஜீயரின் திருநாமமும், தோடர்மல்லின் பெயரும் விளங்க, தாயார் ஸந்நிதியின் முன் கல்வெட்டு நாட்டப்பட்டது. திருமலையில் அன்னையுடனும் மனைவியுடனும் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலை இத்தோடர்மல்லுடையதே என்று சொல்லப்படுகிறது.

ஒப்புநோக்கு

இரு நிகழ்ச்சிகளிலும் பக்தியில் வேற்றுமை இல்லை. ஆனால் வழிகள் வேறாயின. முன்னதில் அரசகுமாரன் திக்விஜயம் செய்தான். கோயில் மீட்சி அவ்வெற்றியின் அங்கமாக அமைந்தது. பின்னதில் ஒரு துறவி, ஓர் அதிகாரியிடம் விண்ணப்பம் செய்தார். அவ்வதிகாரி பிறமதத்து நவாபின் ஆட்சியில் பணிபுரிந்தவர். எனவே, அக்காலத்தை மதத்துக்கும் மதத்துக்கும் நிகழ்ந்த போராட்டமாக மட்டும் கருதுவது பொருந்தாது. அஞ்சி ஓடச் செய்ததும் மொகலாயப் படையே. மீட்டுத் தந்ததும் மொகலாயர் சார்பில் ஆண்டவரின் அலுவலரே.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. அரசனின் வாளுக்குப் பதிலாக அலுவலகமும், முதியவரின் நினைவுக்குப் பதிலாக ஏடும் கணக்கும் முன்னே வந்தன. பேரருளாளன் மீண்டதற்கு முந்தைய ஆண்டாகிய 1709இல் பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவ்வைணவப் பெரியார் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் பணிபுரிந்துகொண்டே, 1736 முதல் தம் நாட்குறிப்பில் கப்பல் வரவும் சந்தை நிலவரமும் போர்ச் செய்தியும் பதிவு செய்தார். 1763இல் செங்கல்பட்டுச் சீமை கம்பெனியாருக்கு ஜாகீராயிற்று. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தார். ஊர்தோறும் வீடுகள், குடிகளின் தொழில்கள், நன்செய், புன்செய், ஏரிகள், தோப்புகள், கோயில்கள், மானியங்கள் அனைத்தும் கணக்கில் ஏறின. வியப்பு யாதெனில், அக்கணக்கின் ஒரு பகுதியைக் கணக்கப்பிள்ளைகள் பனையோலையிலேயே தமிழில் எழுதினர். பழைய ஓலையில் புதிய யுகம் எழுதப்பட்டது. 1817ஆம் ஆண்டின் ஏழாவது சட்டத்தால் கோயில் மானியங்களின் மேற்பார்வையும் அரசாங்க வாரியத்தைச் சேர்ந்தது.

இதனால் பெறும் பாடம்

ஏடும் கணக்கும் வந்தமையால் நினைவு தேவையற்றதாயிற்று என்று எண்ணுதல் பிழை. எந்தச் சாஸனத்திலும் திருமஞ்சனத் தீர்த்தத்தின் மணம் பொறிக்கப்படவில்லை. அதை அறிந்தவர் கைங்கரியம் செய்த ஒருவரே. அதுபோலவே, நினைவு மட்டும் போதும் என்றிருப்பதும் பிழை. அந்த ஈரங்கொல்லி ஓராண்டு முன்னரே மறைந்திருந்தால், யார் சான்று கூறியிருப்பார்? ச்ருதப்ரகாசிகை அன்று அழிந்திருந்தால், இன்று காலக்ஷேபம் கேட்பார்க்கு அந்நூல் ஏது?

குன்றத்தூர் வட்டாரம் இன்று மற்றொரு மாற்றத்தின் நடுவில் நிற்கிறது. உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூரைச் சூழ்ந்தும், இருங்காட்டுக்கோட்டையிலும், ஒரகடத்திலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. ஏர் பிடித்தவர்களின் பேரர்கள் மோட்டார் வாகனங்கள் செய்கின்றனர். இரவு ஷிப்டு முடித்து விடியலில் இல்லம் திரும்புகின்றனர். பலர் வேற்றூரிலிருந்தும் வேற்று மாநிலத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களை அயலார் என்று ஒதுக்குதல் தகாது. தோடர்மல்லும் வேற்று நாட்டவரே. பெருமாளின் மீட்சி அவர் கையாலன்றோ அமைந்தது!

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. வாகனம் தாங்கும் முறையும், மடைப்பள்ளித் தளிகையின் அளவும், சேவிக்கும் கிரமமும் அறிந்த முதியோர் இருக்கும்போதே இளைஞர் அவர்களிடம் அமர்ந்து கற்றல் வேண்டும். கற்றதைக் காகிதத்தில் எழுதி வைத்தலும் வேண்டும். வேலையால் வர இயலாதவர், விடுமுறை நாளில் ஒரு நாழிகை வந்தாலும் போதுமானது. தோளில் பெருமாளைத் தாங்குவதும், ஏட்டில் வழக்கத்தைத் தாங்குவதும் ஒரே கைங்கரியத்தின் இரு பகுதிகளே.

இவ்வுத்ஸவத்தில் பெருமாள் வீதி வலம் முடித்து வாயிலில் திரும்பும் வேளையில், ஒரு கணம் 1371ஐயும் 1710ஐயும் நினைவுகூர்தல் நன்று. இன்று எளிதாகத் தோன்றும் அத்திரும்புதலுக்காக, ஜ்யோதிஷ்குடியில் ஓர் ஆசாரியர் உயிர் நீத்தார். உடையார்பாளையத்துக் காட்டில் பெயர் அறியப்படாத பலர் இருபத்திரண்டு ஆண்டுகள் காவல் இருந்தனர்.

சுபம்.